அர்த்தநாரி லைன்

பெருமாநல்லூர் தாண்டிக் கிழக்கே திரும்பினால்
மூன்றாவது கரண்ட் கம்பத்தில் எங்கள் வீடு.
அந்தக் கம்பம் வரைக்கும் வந்து
ஒரு வருசமாகச் சுருண்டு தொங்கிய கண்ணாடி நூல்
ஆவணிக் கடைசியில் உள்ளே வந்தது.

கொண்டுவந்த பையன் பேர் யுகேந்திரன்.
நூல் மில் காலண்டரை இறக்கிக் கட்டிலில் வைத்தான்,
ஆணிக்குப் பக்கத்திலேயே துளை போட்டான்.
"மடிச்சு மட்டும் போட்றாதீங்க்கா, ஒடஞ்சுரும்."
எங்கள் காலர் மெஷினில் நூல் அறுந்தால்
முடிச்சுப் போட்டுக்கொள்வோம்.
இதற்கு முடிச்சே கிடையாதாம்.
நெருப்புப் பொறி வைத்து ஒட்டுவார்களாம்.

டிவி தெளிந்தது.
தூறல் போட்டாலே கட்டம் கட்டமாக உடைகிற படம்
இனி உடையாது என்றான்.
மாடியில் இருந்த குடையை இறக்கினோம்,
மிளகாய் காயப்போட ஆகும்.

"பழைய பெட்டியக் கழட்டிறலாமுங்களா?
நெட்டும் இதுலயே வந்துருமுங், முப்பது மடங்கு வேகம்."
"வேண்டாஞ் சாமி. இது டிவிக்கு மட்டும் போதும்."
புது வண்டி வாங்கி நிறுத்திவிட்டு
சந்தைக்கு நடந்து போகிறவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.
பில் புக்கில் அந்த நம்பர்தான் அச்சடிச்சிருக்கு என்றேன்,
ஜிஎஸ்டிக்கு அதுதான் பழக்கம் என்றேன்.
சொன்னது எதுவும் பொய்யில்லை.
காரணமும் அது இல்லை.

லைன் அர்த்தநாரி பேரில் இருக்கிறது.
கூட்டாக மெஷின் வாங்கிய வருசம்
இவருடைய ரேசன் கார்டு முகவரி மாற்றப் போயிருந்தது,
அதனால் அவர் கையெழுத்துப் போட்டார்.
மறு வருசம் கணக்குப் பார்த்தார்கள்.
அதற்கடுத்த வருசம் பேச்சில்லை.
நான்கு மெஷினில் இரண்டு குன்னத்தூருக்குப் போனது.
தராசு, மேசை, டீ கேன் வரைக்கும் சீட்டெழுதிப் பிரித்தவர்கள்
லைனை மறந்துபோனார்கள்.

வேண்டாமென்று எழுதிக்கொடுக்க
பேருக்குரியவர் நேரில் வரணும் என்றார்கள் எக்சேஞ்சில்.
இவரிடம் சொன்னேன்.
சட்டையை உதறி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.
ஏழு வருசமாக அந்தப் பேர் இவர் வாயில் வந்ததில்லை.
"அந்தாளு." மிஞ்சிப்போனால் "குன்னத்தூர்க்காரன்."
ஆக மாதாமாதம் நானூத்தி எழுபத்தொன்று.
ரசீதில் அவர் பேர், கட்டுகிறது என் சீட்டுக் காசு.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஒன்பது பந்து, பதினாலு ரன்.
மெஷின் ஓட்டுகிற பசங்களும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள்.
ரோட்டில் பஞ்சு லோடு லாரி ஒன்று
உயரம் தெரியாமல் நுழைந்து
கம்பத்துக் கேபிளை இழுத்துக்கொண்டே போய்விட்டது.
மட்டையைத் தூக்கியவன் தூக்கியபடி நின்றான்.
பிறகு அவனும் இல்லை, நீலமாக ஒரு சதுரம்.

இவர் ரிமோட்டைத் தொடையில் தட்டினார்.
பேட்டரியைக் கழற்றி உருட்டிப் போட்டார்.
திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:
"அர்த்தநாரி லைன் வருதா பாரு."

பசங்க யாருக்கும் அது ஒன்றுமில்லை.
சென்னியப்பன் மட்டும், பழைய ஆள்,
வாய்க்குக் கொண்டுபோன பொரியை
அப்படியே கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அலமாரிக்குப் பின்னால் பச்சை விளக்கு
எரிந்துகொண்டுதான் இருந்தது.
பாஸ்வேர்டு அன்றைக்கு வைத்ததே:
இரண்டு பேருடைய முதலெழுத்தும்
மெஷின் இறங்கிய தேதியும்.
இவருக்கு அது ஞாபகம் இருந்ததா, தெரியாது,
நான் அடிக்கும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

பக்கம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.
முதலில் சிமெண்ட் விளம்பரம் வந்தது.
பிறகு எட்டுப் பந்து, பதிமூணு ரன் என்று வந்தது.
அதற்குமேல் வட்டம்தான் சுற்றியது.
ஆறு தலைகள் என் போனுக்கு மேல்,
சமையல்கட்டு வாசலில் சொம்போடு இவர்.

யார் ஜெயித்தார்கள் என்று
விடியக்காலம் பால் ஊற்றுகிறவர்தான் சொன்னார்.